லாங் ட்யூப் மாட்டிய வி8 பிக்கப்: பேங்க் 2 ஆக்ஸிஜன் சென்சார் புதுசு, ஆனா பி0155, பி0154 போகல

நாலாம்கியர்:

வி8 பெட்ரோல் பிக்கப், நாலு வீல் டிரைவ். 3 இஞ்ச் பாடி லிஃப்ட், ரெண்டு பக்கமும் லாங் ட்யூப் எக்ஸாஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் நீளமான தனிக்குழாய்). முன் ஆக்ஸிஜன் சென்சார் ரெண்டும் நாலு வயர் நேரோபேண்ட் (கலவையில பெட்ரோல் அதிகமா கம்மியான்னு மட்டும் சொல்ற வகை). பழைய மேனிஃபோல்டில் இருந்த இடத்தைவிட ரொம்பக் கீழே, நாலு குழாயும் சேருற கலெக்டரில் இப்போ உட்காருது. ஒரிஜினல் வயர் எட்டாததால ரெண்டு பக்கமும் 60 செ.மீ. ரெடிமேட் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கு.

பிரச்சினை பேங்க் 2 (1-ஆம் நம்பர் சிலிண்டர் இல்லாத பக்கம்) முன் சென்சாரில் மட்டும். முதல்ல பி0155 வருது, அதாவது ஹீட்டர் சர்க்யூட். அப்புறம் பி0154 சேர்ந்துக்குது, சிக்னலில் அசைவே இல்லைங்குது. மேடு பள்ளத்தில் ஓட்டும்போது எப்பவாவது பி0152, சிக்னல் வோல்டேஜ் அதிகம்.

ஸ்கேனரில் தெரியுறது: ஐடிலில் கொஞ்ச நேரம் நின்னா பேங்க் 2 சிக்னல் 450 மில்லிவோல்ட்ல போய் ஒட்டிக்குது. வண்டி வேகம் எடுத்ததும் மறுபடி 0.1 வோல்ட்டுக்கும் 0.8 வோல்ட்டுக்கும் நடுவுல ஆட ஆரம்பிக்குது. லாங் டெர்ம் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்) பேங்க் 1-ல் +2, பேங்க் 2-ல் -12 வரைக்கும் இறங்குது.

பார்த்தாச்சு: சென்சார் புதுசு மாத்தியும் அதே கோடு. புது சென்சாரின் ஹீட்டர் 6.2 ஓம், எஞ்சின் ஆறியிருக்கும்போது. கனெக்டரைக் கழட்டி, சாவி ஆன் போட்டு, எக்ஸ்டென்ஷன் முனையில் ஹீட்டர் பின்ல 12.3 வோல்ட் வருது. ஃபியூஸ் நல்லா இருக்கு.

சப்ளை வருது, சென்சார் புதுசு, அப்போ மிச்சம் ஈசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர்தான்னு சொல்றாங்க. மாத்துறதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கணும்? என்கிட்ட டிஜிட்டல் மல்டிமீட்டரும் லைவ் டேட்டா காட்டுற ஸ்கேனரும் இருக்கு. ஆசிலோஸ்கோப் இல்லை.

ஓம்விதி:

ஈசியுவை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

நாலு வயர் சென்சாருக்குள் இரண்டு தனித்தனி சர்க்யூட். ஹீட்டருக்கு இரண்டு வயர், சிக்னலுக்கு இரண்டு வயர். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒரே சென்சாருக்கு ஹீட்டர் கோடும் சிக்னல் கோடும் சேர்ந்து வருகிறது, சென்சாரை மாற்றியும் போகவில்லை என்றால், இந்த நாலு வயரும் ஒன்றாகப் போகிற இடத்தில்தான் தேட வேண்டும். உங்கள் வண்டியில் அது எக்ஸ்டென்ஷனும் அதன் இரண்டு முனைக் கனெக்டர்களும்.

அடுத்து அந்த 450. அது சென்சார் கொடுக்கிற அளவு இல்லை. சிக்னல் வயரில் ஈசியு தானே வைத்திருக்கிற பயாஸ் வோல்டேஜ். ஜிர்கோனியா சென்சார் ஏறக்குறைய 350 டிகிரி செல்சியஸ் எட்டினால்தான் வேலை செய்யும். அதற்குக் கீழே அதன் உள் ரெசிஸ்டன்ஸ் மெகாஓம் கணக்கில் இருப்பதால் பயாஸை மேலே கீழே இழுக்க அதனால் முடியாது. (எல்லா ஈசியுவும் 450-ல் வைப்பதில்லை. சில வண்டிகளில் கனெக்டரைக் கழற்றினால் 0 காட்டும். உங்கள் வண்டியில் கழற்றி வைத்து என்ன காட்டுகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாச் சோதனையும் அந்த எண்ணை வைத்துத்தான்.)

சிக்னல் வயர் முழுசாக அறுந்திருந்தால் வேகத்திலும் 450-லேயே நிற்கும். உங்களுக்கு ஐடிலில் நிற்கிறது, ஓட்டத்தில் உயிர் வருகிறது. அப்படியென்றால் ஹீட்டருக்குப் போதிய கரண்ட் போகவில்லை. ஓட்டத்தில் எக்ஸாஸ்ட் புகையின் சூடே ஹீட்டர் வேலையைப் பார்த்துவிடுகிறது. மேனிஃபோல்டில் சென்சார் இருந்தபோது அரைகுறை ஹீட்டரோடும் சமாளித்திருக்கும். லாங் ட்யூபில் கலெக்டர் வரைக்கும் வருவதற்குள் புகை ஆறிவிடுகிறது, ஐடிலில் சென்சார் முழுக்க ஹீட்டரை நம்பித்தான் இருக்கிறது.

பி0152 இன்னும் தெளிவாகப் பேசுகிறது. நேரோபேண்ட் சென்சார் எவ்வளவு ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓடினாலும் 0.9, மிஞ்சினால் 1 வோல்ட்டுக்குப் பக்கம் வரும். 1.1-ஐத் தாண்டினால் அது சென்சார் உண்டாக்கின வோல்டேஜ் இல்லை, வெளியிலிருந்து கசிகிறது. அதே கட்டில் 12 வோல்ட் இருப்பது ஹீட்டர் வயரில்தான். அந்தக் கசிவை ரிச் என்று நம்பி ஈசியு பெட்ரோலைக் குறைக்கிறது, உங்கள் -12 அங்கிருந்து வருகிறது.

இப்போது 12.3 வோல்ட். டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 10 மெகாஓம். அது இழுக்கிற கரண்ட் மைக்ரோஆம்பியர் அளவு. பத்தொன்பது இழையில் பதினெட்டு அறுந்து ஒற்றை இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.3 காட்டும். ஹீட்டர் ஆறியிருக்கும்போது கேட்பது 12 வகுத்தல் 6.2, கிட்டத்தட்ட 2 ஆம்பியர். அந்த 2 ஆம்பியரை வயர் தாங்குகிறதா என்று லோடு வைத்துத்தான் பார்க்க முடியும்.

12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுங்கள். எரியும்போது 1.7 ஆம்பியருக்குப் பக்கம் இழுக்கும், ஹீட்டருக்குச் சரியான மாற்று. சென்சார் கனெக்டர் கழற்றிய நிலையில் எக்ஸ்டென்ஷனின் ஹீட்டர் சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பல்பை மாட்டி, சாவி ஆன் போட்டு, பல்பு எரியும்போதே அந்தப் பின்னில் வோல்டேஜ் அளந்து பாருங்கள். பேட்டரி வோல்டேஜை விட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சப்ளைப் பாதையில் கோளாறு. பிறகு எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிட்டு, வண்டிப் பக்கக் கனெக்டரில் அதையே செய்யுங்கள். அங்கே சரியாக இருந்து இங்கே குறைந்தால் தேடல் 60 செ.மீ.க்குள் வந்துவிட்டது. சில வண்டிகளில் சாவி ஆன் போட்டதும் ஹீட்டர் சப்ளை சில விநாடிகள்தான் இருக்கும், ரிலே விட்டுவிடும். அப்படியானால் எஞ்சினை ஓடவிட்டு அளந்து பாருங்கள்.

பல்பு எரிகிற நேரத்தில் எக்ஸ்டென்ஷனை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரல் அகலம் விரல் அகலமாக வளைத்துக்கொண்டே போங்கள். பல்பு மினுக்கினால் இடம் கிடைத்துவிட்டது. அதே மாதிரி ஸ்கேனரில் சிக்னலை கிராஃபில் வைத்துக்கொண்டும் ஒருமுறை வளைத்துப் பாருங்கள்.

ஈசியு பக்கம் சிக்னல் சரியா என்று பார்க்க, வண்டிப் பக்கக் கனெக்டரில் சிக்னல் பின்னையும் சிக்னல் எர்த் பின்னையும் ஒரு சின்ன வயரால் இணையுங்கள். ஸ்கேனரில் 450 உடனே 0-க்குப் பக்கம் விழ வேண்டும். வயரை எடுத்ததும் திரும்ப 450. பிறகு ஒரு கை விரல் பேட்டரி பாசிட்டிவில், மறு கை விரல் சிக்னல் பின்னில் தொட்ட கம்பியில். உடம்பின் ரெசிஸ்டன்ஸ் வழியாகப் போகிற துளி கரண்ட் போதும், ஸ்கேனரில் அளவு மேலே ஏறும். 12 வோல்ட், ஷாக் அடிக்காது. இந்த மூன்றும் ஒத்துவந்தால் ஈசியுவின் சிக்னல் பக்கமும் அதுவரையான வயரும் நலம்.

மீட்டர் முனையைக் கனெக்டரின் பெண் டெர்மினலுக்குள் குத்தித் திணிக்காதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் முனை உள்ளே போனால் டெர்மினல் விரிந்துவிடும், இல்லாத கோளாறை நாமே உண்டாக்கியதாகிவிடும். பின்பக்க ரப்பர் வழியாக மெல்லிய ஊசி விடுங்கள், இல்லையென்றால் அதே அளவு ஆண் டெர்மினல் ஒன்றை வயரில் கிரிம்ப் செய்து (டூலால் நசுக்கிப் பிடிக்கவைத்து) வைத்துக்கொள்ளுங்கள்.

பழையஸ்பேனர்:

ஓம்விதி சொன்ன பல்பு டெஸ்ட் சரி. ஆனா ஒரு எச்சரிக்கை: அந்த 21 வாட் பல்பைக் கொண்டுபோய் ஹீட்டரோட இன்னொரு பின்ல, அதாவது ஈசியு எர்த் கொடுக்கிற கண்ட்ரோல் பின்ல மாட்டிடாதீங்க. பல்பு இழை ஆறியிருக்கும்போது ஒரு கணம் பத்து மடங்கு வரைக்கும் கரண்ட் இழுக்கும். ஈசியு டிரைவர் அதை ஷார்ட்னு நினைச்சு மூடிக்கும், யோகம் இல்லைன்னா போயே போயிடும். அந்தப் பக்கம் டெஸ்ட் பண்ண 10 ஓம் 20 வாட் ரெசிஸ்டர் போதும், இல்ல 5 வாட் பல்பு. கண்ட்ரோல் பின்ல ஈசியு விட்டு விட்டுத்தான் எர்த் கொடுக்கும், அதனால பல்பு துடிக்கிற மாதிரி எரிஞ்சா அது கோளாறு இல்லை.

இன்னொண்ணு, பல ஈசியு ஹீட்டர் கோளாறு கண்டுபிடிச்சதும் அந்த டிரைவரை அணைச்சு வெச்சிடும். சாவியை ஆஃப் பண்ணி மறுபடி போட்டாத்தான் திரும்ப முயற்சி பண்ணும். ஒவ்வொரு மாற்றத்துக்கு அப்புறமும் கோடை அழிச்சு, சாவி ஆஃப் ஆன் பண்ணிட்டு அளந்து பாருங்க. இல்லைன்னா சரியான வயரைப் பார்த்து தப்புன்னு முடிவு பண்ணுவீங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோடு வந்த நேரத்துல ஈசியு பதிஞ்ச அளவுகள்) எழுதி வெச்சுக்கோங்க: கூலன்ட் சூடு, ஆர்பிஎம், வேகம். அழிச்சா அதுவும் சேர்ந்து போயிடும்.

சரி, அடிப்படைக் கேள்வி. நீங்க மாத்தின சென்சார் நிஜமாவே பேங்க் 2 தானா? லாங் ட்யூப் மாட்டும்போது ரெண்டு எக்ஸ்டென்ஷனும் ஒரே மாதிரி தொங்கும், இடது வலது மாறி மாட்டுறது ரொம்ப சகஜம். 1-ஆம் நம்பர் சிலிண்டர் எந்தப் பக்கமோ அதுதான் பேங்க் 1. எஞ்சின் சூடாகி 2000 ஆர்பிஎம்ல ஓடும்போது ஒரு பக்க முன் சென்சார் கனெக்டரைக் கழட்டுங்க, ஸ்கேனர்ல எந்த பேங்க் ஆட்டத்தை நிறுத்துதுன்னு பாருங்க. கையில கனமான கையுறை இருக்கட்டும். எதிர்ப்பக்கம் நின்னுச்சுன்னா வயர் குறுக்கே போயிருக்கு. உங்க ட்ரிம் நம்பரைப் பார்த்தா அப்படித் தெரியல, குறுக்கே மாறியிருந்தா ஒரு பக்கம் +25, மறுபக்கம் -25-ன்னு ரெண்டும் எதிரெதிரா ஓடும், எஞ்சின் சூடேற ஏற ஓட்டம் மோசமாகும். இருந்தாலும் ஒரு நிமிஷ வேலை, பார்த்துடுங்க.

எக்ஸாஸ்ட் லீக்கை இங்கே விட்டுடலாம். சென்சாருக்கு முன்னாடி லீக் இருந்தா வெளிக்காத்து உள்ளே இழுத்து லீன், அதாவது பெட்ரோல் கம்மின்னு காட்டும், ட்ரிம் ப்ளஸ்ல போகும். உங்களுக்கு மைனஸ்.

பாடி லிஃப்ட் பண்ணின வண்டியில நான் சந்தேகப்படுறது எர்த். பாடி 3 இஞ்ச் மேலே போச்சு, எஞ்சின் அங்கேயே இருக்கு. எஞ்சின் பிளாக்ல இருந்து ஃபயர்வாலுக்குப் போற பின்னல் எர்த் பட்டை இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும், இல்ல கழட்டி விட்டுட்டு மறந்திருப்பாங்க. பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே, ஸ்டார்ட்டர் சுத்தும்போது 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். பிளாக்குக்கும் பாடிக்கும் நடுவே, ஹெட்லைட்டும் ஏசி ப்ளோயரும் ஓடும்போது 0.1-க்குள்ள. முழு சிக்னலே 900 மில்லிவோல்ட்தான். அதுல எர்த் வித்தியாசம் 100, 200 சேர்ந்தா ஈசியு பார்க்கிற கணக்கே மாறிடும். சிக்னல் எர்த்தை எஞ்சின் பிளாக்கில் முடிச்சிருக்கிற வண்டிகள்ல இது இன்னும் நேரடியா அடிக்கும்.

நாலாம்கியர்:

ரெண்டு பேருக்கும் நன்றி. எல்லாத்தையும் வரிசையா பார்த்தேன்.

கனெக்டரைக் கழட்டினா 450 காட்டுது. வண்டிப் பக்கத்துல சிக்னலையும் சிக்னல் எர்த்தையும் சேர்த்தா 0, எடுத்தா 450, விரல் வெச்சா ஏறுது. பேங்க் குறுக்கே மாறல.

21 வாட் பல்பு: வண்டிப் பக்கக் கனெக்டரில் 12.1 வோல்ட், நல்ல வெளிச்சம். எக்ஸ்டென்ஷன் முனையில் 8.4 வோல்ட், பல்பு மஞ்சளா எரியுது. நடுவுல ஒரு இடத்தை வளைச்சா 11-க்கு ஏறி மறுபடி விழுது. அதே இடத்தை அமுக்கினா ஸ்கேனர்ல சிக்னல் 1.2, 1.3-ன்னு குதிக்குது.

எர்த்: ஸ்டார்ட்டர் சுத்தும்போது 0.15. பிளாக் டு பாடி 0.35.

எக்ஸ்டென்ஷனோட வெளி உறையைக் கீறிப் பார்த்தேன். வெளியில இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியல, தொட்டா மட்டும் அந்த இடம் குச்சி மாதிரி விறைப்பா இருந்துச்சு. உள்ளே மூணாவது குழாய்க்கு நேரா 4 செ.மீ. அளவுக்கு நாலு வயரும் ஒண்ணா உருகி ஒட்டியிருக்கு. ஹீட்டர் சப்ளை வயரோட செம்பு இழைகள் கருத்து, பாதி அறுந்து கிடக்கு. பக்கத்துல சிக்னல் வயரோட இன்சுலேஷன் கண்ணாடி மாதிரி மெலிஞ்சிருக்கு.

அந்த 4 செ.மீ.யை மட்டும் வெட்டிட்டு சேர்த்தா போதுமா? முழுசா மாத்தணுமா?

ஓம்விதி:

முழுசாக மாற்றுங்கள். சாதாரண பிவிசி இன்சுலேஷன் 105 டிகிரி வரைக்குமானது. வெந்த இடத்தில் உருகியிருக்கிறது என்றால் அதன் இரண்டு பக்கமும் இன்னும் பத்துப் பதினைந்து செ.மீ. காய்ந்து நொறுங்கத் தயாராக இருக்கும்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். வழியில் தொலைந்தது 12.1 கழித்தல் 8.4, அதாவது 3.7 வோல்ட். 8.4 வோல்ட்டில் அந்தப் பல்பு 1.4 ஆம்பியருக்குப் பக்கம் இழுக்கும். ஆக எக்ஸ்டென்ஷனுக்குள் சுமார் 2.6 ஓம் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் 6.2 ஓம் ஹீட்டரோடு அதைச் சேர்த்தால் ஹீட்டருக்குக் கிடைப்பது 12 வாட். கிடைக்க வேண்டியது 23-க்கு மேல். பாதி சூடு. அதுதான் ஐடிலில் தூங்கிவிடுகிறது.

புது எக்ஸ்டென்ஷன் நீங்களே செய்வதாக இருந்தால்:

ஹீட்டர் வயர் இரண்டும் 0.75-லிருந்து 1 சதுர மில்லிமீட்டர், சிக்னல் வயர் இரண்டும் 0.5. இன்சுலேஷன் டெஃப்லான் எடுத்தால் 260 டிகிரி தாங்கும். சிலிகான் 200 வரை தாங்கும், ஆனால் மெத்தென்று இருப்பதால் விளிம்பில் உரசினால் கிழிந்துவிடும். உறை இல்லாமல் போடக்கூடாது. நாலு வயருக்கும் மேலே கண்ணாடி இழை உறை. உறை இருக்கிறது என்று குழாயில் சாய்த்து வைக்காதீர்கள், உறை கதிர்வீச்சுச் சூட்டைத்தான் தடுக்கும், தொடுகிற சூட்டை அதிக நேரம் தடுக்காது.

பாதைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். எந்தக் குழாய்க்கும் 5 செ.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 7 அல்லது 8. கியர்பாக்ஸ் ஹவுசிங் ஓரமாக மேலிருந்து இறக்கி, கடைசிக் கட்டத்தில் மட்டும் சென்சாருக்குத் திருப்புங்கள். பிளாஸ்டிக் கேபிள் டை அங்கே நிற்காது. சிலிகான் ரப்பர் வைத்த உலோகக் கிளிப் போடுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் மவுண்டில் ஒரு பக்கமாகச் சாயும், அதனால் எஞ்சினில் கடைசிக் கிளிப்புக்கும் சேசிஸில் முதல் கிளிப்புக்கும் நடுவே மூன்று நாலு செ.மீ. தளர்வு வேண்டும். அதற்கு மேல் மிஞ்சின நீளத்தைச் சுருட்டிக் குழாய்ப் பக்கம் சொருகினால் இப்போது நடந்ததே திரும்ப நடக்கும். ரெடிமேட் எக்ஸ்டென்ஷன்களில் பாதிக்குமேல் வேகிறது இப்படித்தான் என்பது என் அனுமானம்: 60 செ.மீ. தருகிறார்கள், தேவை 35, மீதி எங்கேயாவது தொங்குகிறது.

டெர்மினலை வீட்டின் மூலையில் கிடக்கிற கட்டிங் பிளையரால் நசுக்காதீர்கள். செம்பை ஒரு சிறகு, இன்சுலேஷனை ஒரு சிறகு தனித்தனியாகப் பிடிக்கிற கிரிம்ப் டூல் வேண்டும். கிரிம்ப் செய்த பிறகு கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். வயர் நடுவில் இணைப்பு போட்டே ஆக வேண்டுமென்றால் நாலு இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் 3 செ.மீ. தள்ளித் தள்ளிப் போடுங்கள். பக்கத்து வயர்கள் உருகினாலும் இணைப்பும் இணைப்பும் தொடாது.

மாட்டுவதற்கு முன் மேசை மேல் வைத்து, ஒவ்வொரு பின்னும் மறுமுனையில் அதே பின்னுக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். சிக்னலும் சிக்னல் எர்த்தும் தலைகீழாகிவிட்டால் சென்சார் கொடுப்பது நெகட்டிவாகப் போகும், ஈசியு 0 என்று படித்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். சென்சார் வயரில் பொதுவான நிறம்: கருப்பு சிக்னல், சாம்பல் சிக்னல் எர்த், வெள்ளை இரண்டும் ஹீட்டர். டென்சோ சென்சார்களில் நீலம் சிக்னல், வெள்ளை சிக்னல் எர்த், கருப்பு இரண்டும் ஹீட்டர். வெள்ளை என்றால் ஹீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். சந்தேகம் என்றால் மீட்டர் வையுங்கள்: ஒன்றுக்கொன்று சில ஓம் காட்டுகிற ஜோடிதான் ஹீட்டர். மற்ற ஜோடியில் ஓம் அளக்கவே வேண்டாம், மீட்டர் அனுப்புகிற கரண்ட் சென்சார் செல்லுக்கு நல்லதில்லை.

பிளாக் டு பாடி 0.35-ஐயும் விடாதீர்கள். 16 சதுர மில்லிமீட்டர் பின்னல் பட்டை ஒன்று, இரண்டு முனையிலும் பெயிண்டைச் சுரண்டிவிட்டு.

டின்பேஸ்ட்:

கிரிம்ப் கிரிம்ப்னு ஏன் இவ்வளவு? நல்லா முறுக்கி சால்டர் வெச்சு ஹீட் ஷ்ரிங்க் போட்டா அதைவிட உறுதியான ஜாயிண்ட் ஏது? கனெக்டருக்குள்ள கொஞ்சம் கிரீஸும் வெச்சா தண்ணி போகாது. வண்டி வயரிங் பூரா அப்படித்தானே பண்றோம்.

பழையஸ்பேனர்:

மத்த இடத்துல பண்ணுங்க ப்ரோ, சண்டை இல்லை. ஆக்ஸிஜன் சென்சார்ல வேண்டாம்.

ஜிர்கோனியா சென்சார் ஒரு பக்கம் புகையில இருக்கிற ஆக்ஸிஜன், மறுபக்கம் வெளிக்காத்துல இருக்கிற ஆக்ஸிஜன், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் வோல்டேஜா தருது. அந்த வெளிக்காத்து பல சென்சார்கள்ல வயர் இழைகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி வழியாத்தான் உள்ளே போகுது. சென்சார் வயர்ல சால்டர் வெச்சா ஈயம் இழைக்குள்ள ஏறி அந்த வழியை அடைச்சிடும். கனெக்டர்ல கிரீஸ் அடைச்சாலும், கான்டாக்ட் கிளீனர் ஊத்தினாலும் அதே கதை. ஆவி உள்ளே போய் ரெஃபரன்ஸ் காத்தைக் கெடுத்துடும், சிக்னல் கீழே இறங்கிக்கிட்டே வரும். அதோட பல சென்சார்ல வயர் இழை வெறும் செம்பு இல்லை, ஸ்டீலோ நிக்கலோ கலந்திருக்கும், ஈயம் ஒழுங்கா ஒட்டாது.

எக்ஸ்டென்ஷன் வயர் செம்புதான், அதுல சால்டர் ஒட்டும். ஆனா ஈயம் முடியுற இடத்துல வயர் விறைச்சுப்போய், எஞ்சின் அதிர்வுல அங்கேயே ஒடியும். தண்ணி போகாம இருக்க கனெக்டரோட சொந்த ரப்பர் சீல் போதும். அது கிழிஞ்சிருந்தா சீலை மாத்துங்க.

சென்சார் மரைக்கு ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்காம இருக்கத் தடவுற பேஸ்ட்) தடவுறவங்களும் கவனம். எம்18 மரையில மட்டும், சென்சாருக்குன்னே வர்ற பேஸ்ட், ஓட்டை போட்ட மூக்குல படக்கூடாது. புது சென்சார்ல கம்பெனியே தடவி அனுப்பியிருந்தா மேல தடவ வேண்டாம். முறுக்கு 40-லிருந்து 50 நியூட்டன் மீட்டர். லாங் ட்யூப் செய்யுறவங்க சென்சார் மாட்டுற மரை வளையத்தைக் கண்ட இடத்துல வெல்டிங் பண்ணியிருப்பாங்க, அதையும் பாருங்க: சென்சார் படுக்கைக் கோட்டுக்கு மேலே குறைஞ்சது 10 டிகிரி சாய்வுல நிக்கணும். கீழ்ப்பக்கமா தொங்கினா எக்ஸாஸ்ட்ல சேருற தண்ணி சூடான செராமிக்ல பட்டு விரிசல் விட்டுடும்.

டின்பேஸ்ட்:

ரெஃபரன்ஸ் காத்து விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா இன்னொரு வழி இருக்கே: ஹீட்டர் பின்னுக்கு நடுவுல 10 ஓம் ரெசிஸ்டர் போட்டா பி0155 போயிடுமே, இவ்வளவு வயர் வேலை எதுக்கு?

ஓம்விதி:

கோடு போகும், சென்சார் சூடாகாது. முன் சென்சார் சொல்வதை வைத்துத்தான் ஈசியு ஒவ்வொரு விநாடியும் பெட்ரோல் அளக்கிறது. ஐடிலில் அது தூங்கினால் அந்த பேங்க் ஓப்பன் லூப்பில் (சென்சாரைக் கேட்காமல்) ஓடும். எச்சரிக்கை விளக்கு அணைந்திருப்பதால் எக்ஸாஸ்டில் இருக்கிற கேடலிடிக் கன்வெர்ட்டர் வேகிறவரை யாருக்கும் தெரியாது. தவிர 12 வோல்ட் நேராகக் கிடைத்தால் 10 ஓமில் 14 வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் புகைந்துவிடும்.

இதோடு ஒரு குறிப்பு, வேறு வண்டி வைத்திருப்பவர்கள் படித்தால்: மேலே சொன்ன 450, 0.9 கணக்கெல்லாம் நேரோபேண்டுக்கு மட்டும். பல புதிய வண்டிகளில் முன் சென்சார் வைட்பேண்ட் (கலவையின் அளவையே சொல்கிற வகை). நாலு வயர் இருந்தாலேயே நேரோபேண்ட் என்றும் சொல்ல முடியாது, நாலு வயர் ஏர் ஃபியூயல் சென்சாரும் உண்டு. பாஷ் எல்எஸ்யு வகையில் ஐந்து வயர் கனெக்டருக்கு வருகிறது, கனெக்டரில் ஆறு பின். அளவு சரிசெய்கிற ரெசிஸ்டர் அந்தக் கனெக்டருக்குள்ளேயே இருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு வேறு கனெக்டர் மாட்டினால் அளவே தப்பாகிவிடும். நீட்டுவதாக இருந்தால் கனெக்டருக்கு வண்டிப் பக்கம் நீட்ட வேண்டும்.

நாலாம்கியர்:

டெஃப்லான் வயரில் 40 செ.மீ. எக்ஸ்டென்ஷன் செஞ்சு, கியர்பாக்ஸ் ஓரமா இறக்கியாச்சு. குழாயிலிருந்து குறைஞ்ச தூரம் 7 செ.மீ. எர்த் பட்டை புதுசு, பிளாக் டு பாடி இப்போ 0.04.

எக்ஸ்டென்ஷன் முனையில் 21 வாட் பல்போட 11.9 வோல்ட். வளைச்சாலும் அசையல. ஐடிலில் எவ்வளவு நேரம் நின்னாலும் சிக்னல் ஆடிக்கிட்டே இருக்கு. லாங் டெர்ம் ட்ரிம் பேங்க் 2-ல் -1.

ஒரு சந்தேகம்: கோடை அழிச்சிட்டேன், விளக்கு வரல, ஆனா ஸ்கேனர்ல ஹீட்டர் மானிட்டர் (ஈசியு தானே ஹீட்டரைச் சோதிக்கிறது) இன்னும் முடியலைன்னு காட்டுது. பேங்க் 1 பக்கமும் அதே ரெடிமேட் எக்ஸ்டென்ஷன்தான் இருக்கு, அதையும் மாத்தணுமா?

பழையஸ்பேனர்:

கோடை அழிச்சதும் எல்லா மானிட்டரும் பூஜ்யத்துக்குப் போயிடும். ஹீட்டர் மானிட்டரைப் பல ஈசியு எஞ்சின் முழுசா ஆறின ஸ்டார்ட்ல மட்டும்தான் ஓட்டும். கூலன்ட் சூடும் உள்ளே போற காத்து சூடும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். ராத்திரி பூரா நிறுத்தி வெச்சுட்டு காலைல ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு மூணு நிமிஷம் ஐடில் விட்டு, அப்புறம் ஓட்டுங்க. பேட்டரியைக் கழட்டாதீங்க, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். கேன் பஸ் (ஈசியுக்கள் பேசிக்கிற தரவு லைன்) இருக்கிற வண்டின்னா ஸ்கேனர்ல மோடு 6 (மானிட்டர் சோதனை அளவுகள் வர்ற பக்கம்) திறந்து, மானிட்டர் எண் 45 பாருங்க, பேங்க் 2 முன் சென்சார் ஹீட்டருக்கு உண்டானது அது. அந்த எண் பதினாறின் அடிமானத்தில் இருக்கும், சில ஸ்கேனர் வேற மாதிரி காட்டும். 41 பேங்க் 1. ரெண்டு அளவையும் பக்கத்துல வெச்சு, ஸ்கேனர் காட்டுற உச்ச வரம்பு, கீழ் வரம்புக்கு நடுவுல எங்கே இருக்குன்னு பாருங்க.

பேங்க் 1-ல் 21 வாட் பல்பை மாட்டிப் பாருங்க. 11.5-க்குக் கீழே வந்தாலோ, கையால தடவும்போது எங்கேயாவது விறைப்பா இருந்தாலோ மாத்துங்க. நல்லா இருந்தா வயரை அப்படியே வெச்சுக்கிட்டு பாதையை மட்டும் குழாயை விட்டுத் தள்ளி, உலோகக் கிளிப்ல கட்டுங்க.